நெட்டையருக்கு ஏற்ற பழைய கோல்ஃப் மட்டை: ஒரு வரலாறு

தமிழில் குழிப்பந்தாட்டம் என்று எழுதப்படும் கோல்ஃப் ஆட்டத்தில், மட்டையின் நீளமும் அதன் தலை தண்டோடு சேரும் சாய்வும் ஆடுபவரின் உடம்புக்குப் பொருந்தியிருக்க வேண்டும். புதிய மட்டை வாங்குபவருக்கு அளவெடுத்துச் செய்து தர இன்று நிறுவனங்கள் இருக்கின்றன. இந்தியாவில் இந்த ஆட்டத்தைப் பழகியவர்களில் கணிசமானோர் பிறர் ஆடிக் கழித்த மட்டையில்தான் தொடங்கினர். அந்த மட்டை முதலில் யாருக்காகச் செய்யப்பட்டதோ அவருடைய உயரம் அதிலேயே தங்கிவிடுகிறது. ஆறடியைத் தாண்டிய ஒருவர் பழைய மட்டை வாங்கப் போனால் சந்திக்கும் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆளுக்குத் தக்க கோல் என்பது திருநெல்வேலிச் சீமைக்குப் புதிய கருத்து அல்ல. சிலம்பம் பழக வரும் பையனுக்குக் கம்பு எடுத்துக் கொடுக்கும் ஆசான், அதைத் தரையில் ஊன்றி நெற்றிக்கு நேராக வருகிறதா என்று பார்ப்பார். நீளமானால் அறுத்துக்கொள்ளலாம், குட்டையானால் அடுத்த பையனுக்கு ஆகும். பிரம்போ மூங்கிலோ, ஒரு கம்பு போனால் இன்னொன்று கிடைக்கும். கோல்ஃப் மட்டை அப்படி எளிதில் கிடைக்கும் பொருளாக இந்த நாட்டில் ஒருநாளும் இருந்ததில்லை.

வில் செய்பவரின் பட்டறை

கோல்ஃப் மட்டை வாங்கியதற்கான மிகப் பழைய கணக்கு ஸ்காட்லாந்து அரசின் கருவூலப் பதிவில் உள்ளது. 1502 செப்டம்பர் 21 அன்று பெர்த் நகரத்து வில் செய்பவர் ஒருவருக்கு, மட்டைகளுக்காக 14 ஷில்லிங் கொடுக்கப்பட்டது. வாங்கியவர் நான்காம் ஜேம்ஸ் அரசர். இதில் வேடிக்கை ஒன்று உண்டு. அவருடைய பாட்டனாரான இரண்டாம் ஜேம்ஸ் காலத்தில், 1457இல், மக்கள் வில் பயிற்சியை விட்டுவிட்டு இந்த ஆட்டத்தில் பொழுதைக் கழிக்கிறார்கள் என்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபைத் தடை செய்திருந்தது. தடை செய்யப்பட்ட ஆட்டத்துக்கான கருவியை, எந்தத் தொழிலைக் காப்பாற்றத் தடை வந்ததோ அந்தத் தொழிலாளியிடமே பேரன் வாங்கினார். 1603இல் ஆறாம் ஜேம்ஸ் தமக்கு மட்டை செய்து தர நியமித்த வில்லியம் மேய்ன் என்பவரும் வில் செய்பவர்தான்.

வில் செய்பவர் மட்டை செய்தது தற்செயல் அல்ல. வில்லை எய்பவரின் உயரத்துக்கும் கை வலுவுக்கும் தக்கபடிதான் செய்ய முடியும். மரம் எவ்வளவு வளையும், எங்கே வளையும், எப்போது திரும்பும் என்ற அறிவு இரண்டு தொழிலுக்கும் பொது. பின்னாளில் மட்டை செய்வது தனித் தொழிலாகப் பிரிந்தபோதும் இந்த வழக்கம் நீடித்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் ஹியூ பிலிப், அவருக்குப் பின் ராபர்ட் ஃபார்கன் போன்றோரின் பட்டறைகளில் மட்டை கையால் செய்யப்பட்டது. நெட்டையானவர் வந்தால் நீளத் தண்டு, குட்டையானவர் வந்தால் குறுகிய தண்டு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஹிக்கரி மரம் தண்டுக்கு உகந்தது என்று கண்டுகொண்டபின், உலகம் முழுக்க அதுவே வழக்கமாயிற்று.

மட்டையின் தலைக்கு உதவிய மரங்களில் பெர்சிமன் முக்கியமானது. தாவரவியலில் இது டயோஸ்பைரோஸ் பேரினத்தைச் சேர்ந்தது. கருங்காலியும் பீடி சுற்றும் இலையைத் தரும் மரமும் இதே பேரினம். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பெண்கள் மடியில் முறம் வைத்துச் சுற்றும் இலைக்கும், அமெரிக்கப் பணக்காரர்கள் பந்தை அடித்த மரத்தலைக்கும் ஒரே குடும்பம் என்பது அந்த இரண்டு தரப்பினரும் அறியாத உறவு. பந்துக்கும் கீழைநாட்டுத் தொடர்பு உண்டு. 1848 வாக்கில், இறகு திணித்த பழைய தோல் பந்தை ஒழித்துக்கட்டிய கட்டாபெர்ச்சா பந்து, மலாயா காடுகளில் வளரும் மரத்தின் பாலிலிருந்து செய்யப்பட்டது.

எஃகு வந்தபின்

மரத்தண்டு ஒன்றுபோல் இன்னொன்று இராது. ஒவ்வொரு மட்டைக்கும் ஒவ்வொரு குணம். ஆடுபவர் பட்டறையில் நின்று ஒவ்வொன்றாக வீசிப் பார்த்துப் பிடித்ததை எடுத்துக்கொள்வார். ஆகவே ஒருவரின் மட்டைகள் பல பட்டறைகளிலிருந்து பல ஆண்டுகளாகச் சேர்ந்தவையாக இருக்கும். அவற்றுக்கு மாஷி, நிப்லிக், கிளீக், பிராஸி என்று பெயர்களும் இருந்தன.

எஃகுக் குழாய்த் தண்டு இதை மாற்றியது. அமெரிக்க அமைப்பு 1920களின் நடுவிலேயே எஃகை ஏற்றுக்கொண்டது. செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ அமைப்பு 1929இல்தான் இறங்கி வந்தது. அந்த ஆண்டு பொருநைக் கரையினருக்கு வேறொரு காரணத்துக்காக நினைவிருக்கும்: சிங்கம்பட்டி ஜமீனின் மலைக்காட்டை பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்ததும், மாஞ்சோலையில் தேயிலை வந்ததும் அந்தக் குத்தகையிலிருந்துதான்.

எஃகுத் தண்டை ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி இழுக்க முடியும். எனவே மட்டைகள் ஒரே தொழிற்சாலையில், ஒன்றுக்கொன்று அரை அங்குல வித்தியாசத்தில், எண்ணிட்ட வரிசையாக வந்தன. மாஷியும் நிப்லிக்கும் மறைந்து ஐந்தாம் எண், ஒன்பதாம் எண் என்று ஆயின. ஒருவர் 14 மட்டைகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதியை அமெரிக்கா 1938இலும் பிரிட்டன் 1939இலும் கொண்டுவந்தன. அதன்பின் கோல்ஃப் மட்டை என்பது தனிப் பொருள் அல்ல, ஒரு செட். கடையில் கேட்பதும் பழைய சாமானில் தேடுவதும் செட்டைத்தான்.

தொழிற்சாலை செட்டுக்கு ஓர் அளவு வேண்டும். ஐந்தாம் எண் இரும்பு மட்டைக்குச் சுமார் 38 அங்குலம் என்று ஏறத்தாழ வழக்கப்பட்டது. இந்த அளவு ஐந்தடி ஒன்பது, பத்து அங்குலம் உள்ள அமெரிக்க, ஐரோப்பிய ஆண்களை மனத்தில் வைத்தது. சராசரி இந்திய ஆணின் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலத்தை ஒட்டியது. ஆகவே இந்தியர்களில் பெரும்பாலோருக்குப் பொது அளவே சற்று நீளம். நெட்டையான இந்தியருக்கு அது குட்டை. தொழிற்சாலை முறையால் மட்டை மலிவானது உண்மை. வில் செய்பவர் முதல் நாளிலேயே கேட்ட கேள்வியைத் தொழிற்சாலை கேட்காமல் விட்டதும் உண்மை.

அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டவர்களில் முக்கியமானவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பொறியாளர். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையான பட்டரைத் தம் வீட்டுக் கார் ஷெட்டில் செய்யத் தொடங்கினார். நெல்லையில் பட்டர் என்றால் கோயிலில் பூசை செய்பவர். ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதுவதில் வரும் குழப்பம் இது. அடிக்கும்போது எழும் ஓசையை வைத்துத் தம் மட்டைக்கு அவர் பிங் என்று பெயரிட்டார். 1970களின் தொடக்கத்தில் அவருடைய நிறுவனம் வண்ணப் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. ஆடுபவரின் உயரத்தையும், மணிக்கட்டிலிருந்து தரை வரையான தூரத்தையும் அட்டவணையில் பார்த்து, மட்டையின் சாய்வை முடிவு செய்து, தலையில் ஒரு நிறப் புள்ளி இடுவார்கள். கறுப்புப் புள்ளி பொது அளவு. நீலம், பச்சை, வெள்ளை என்று போகப்போகச் சாய்வு நிமிரும், அவை நெட்டையருக்கு. சிவப்பு, ஆரஞ்சு என்று மறுபக்கம் போனால் படுக்கும், அவை குட்டையானவருக்கு. பழைய மட்டை வாங்குபவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. முதல் சொந்தக்காரரின் உடம்பு எப்படிப்பட்டது என்று மட்டையே சொல்லிவிடுகிறது.

தென்னாட்டில் கோல்ஃப்

பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப் கல்கத்தாவில் 1829இல் தொடங்கியது. பெங்களூரில் 1876இல் வந்தது. சென்னையில் 1884இல் நிறுவப்பட்ட ஜிம்கானா கிளப், கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் உள்வட்டத்தில் கோல்ஃப் ஆடுகளம் அமைத்தது. 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பந்தயத் திடலின் குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டபோது, செய்திகளில் அடிபட்ட இடம் இதுதான். சென்னையில் அடையாற்றை ஒட்டி காஸ்மாபாலிட்டன் கிளப்புக்கும் ஓர் ஆடுகளம் உண்டு. அந்தக் கிளப் 1873இல் தொடங்கியது.

சமவெளி வெயிலில் இந்த ஆட்டம் அவ்வளவாக வேர்பிடிக்கவில்லை. மலைக்குப் போனபின்தான் அதற்கு ஊர் கிடைத்தது. உதகையில் வென்லாக் டவுன்ஸ் என்ற புல்வெளி, 1891 முதல் 1896 வரை சென்னை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரைத் தாங்கியது. அங்கே ஜிம்கானா கிளப்பின் ஆடுகளம் உள்ளது. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் தொடங்கியது. இன்றும் அங்கே காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருந்தால் ஆடுபவர்கள்தான் காத்திருக்க வேண்டும்.

கொடைக்கானலுக்கும் திருநெல்வேலிக்கும் உள்ள தொடர்பு பழையது. நெல்லையில் ஊழியம் செய்த ஆங்கிலேய மிஷனரிகள் கோடையில் ஒதுங்கிய மலை அது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல், 1891 ஆகஸ்டில் கொடைக்கானலில்தான் இறந்தார். அவருடைய உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. கிளப் தொடங்கியது அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின். வண்டிச் சாலை 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான் வந்தது. அதுவரை ஆட்கள் டோலியிலும் குதிரையிலும் போனார்கள். சாமான்கள் கூலியாட்களின் தலையில் போயின. கொடைக்கானலில் முதலில் சுழன்ற மட்டைகள் தலைச்சுமையாக ஏறியவை.

ஸ்காட்லாந்துக்காரர்கள் பொருநைப் பள்ளத்தாக்கில் விட்டுச்சென்றவை வேறு. கால்டுவெல்லின் பெற்றோர் ஸ்காட்டியர். அவர் படித்தது கிளாஸ்கோவில். பாபநாசத்தில் ஆற்று நீரின் விசையால் நூற்பாலையை ஓட்டிய ஹார்வி சகோதரர்களும் அந்நாட்டவர். மாஞ்சோலையை எடுத்த பம்பாய் பர்மா நிறுவனத்தின் மூலவர்களான வாலஸ் குடும்பமும் அப்படியே. இலக்கணம், பஞ்சாலை, தேயிலை என்று மூன்றையும் இங்கே ஊன்றியவர்களின் சொந்த நாட்டு ஆட்டம் மட்டும் மேற்குத் தொடர்ச்சி மலையின் வேறு சரிவுகளில் போய் நிலைத்தது. மூணாற்றில் தேயிலைத் தோட்டத் துரைமார் அமைத்த ஹை ரேஞ்ச் கிளப்பில் கோல்ஃப் ஆடுகளம் உண்டு. அந்தத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளப் போனவர்களில் பலர் திருநெல்வேலி, கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கத்தவர்கள். நெல்லையிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் போனால் திருவனந்தபுரம் கவடியாரில் ஒன்பது குழி ஆடுகளம் ஒன்று இருக்கிறது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் ஆதரவில் வளர்ந்தது.

பழைய மட்டை யாருக்குப் போனது

விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. அந்நியச் செலாவணி அரிசிக்கும் இயந்திரத்துக்கும் போதாத காலத்தில், கோல்ஃப் மட்டைக்கு உரிமம் கேட்க யாருக்கும் முகம் இராது. 1991க்குப் பின் பொருளாதாரம் திறக்கப்படும் வரை, நல்ல மட்டை பெரும்பாலும் வெளிநாடு போய் வந்தவரின் பெட்டியில் வந்தது, அல்லது நாடு திரும்பும் வெள்ளைக்காரர் விட்டுச்சென்றது. இன்றும் பயன்படுத்திய நுகர்பொருளை வணிகத்துக்காக இறக்குமதி செய்ய அரசின் தனி அனுமதி வேண்டும். இதனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மலைமலையாகக் குவியும் பழைய மட்டைகள் இந்தியச் சந்தைக்குக் கப்பலில் வருவதில்லை. உள்ளூரில் ஏற்கெனவே இருப்பவைதான் கை மாறுகின்றன.

கை மாறும் வரிசையின் கடைசியில் நின்றவர்கள் கேடிகள். ஆடுபவரின் மட்டைப் பையைச் சுமந்து, தூரத்தைச் சொல்லி, பந்தைத் தேடித் தருபவருக்குக் கேடி என்று பெயர். தமிழில் இந்தச் சொல்லுக்கு உள்ள மற்றப் பொருளை நினைத்தால் இது அவர்களுக்கு இழைத்த இரண்டாவது அநீதி. கிளப்பை அண்டிய குடிசைகளிலிருந்து சிறுவர்களாக வந்தவர்கள். பல கிளப்களில் வாரத்துக்கு ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, உறுப்பினர்கள் வராத பொழுதில் கேடிகள் ஆடிக்கொள்ளலாம். அவர்களுக்கு மட்டை எங்கிருந்து வரும்? உறுப்பினர் புதுசு வாங்கியபின் கொடுத்தது, தண்டு முறிந்து தூக்கி எறிந்ததை ஒட்டவைத்தது, நான்கு பேர் சேர்ந்து வைத்திருந்த ஒரே ஏழாம் எண். அங்கே அளவு என்ற பேச்சே எழாது. மட்டை ஆளுக்குப் பொருந்தாவிட்டால் ஆள்தான் மட்டைக்குப் பொருந்த வேண்டும். குட்டையானவன் பிடியைக் கீழே இறக்கிப் பிடித்தான். நெட்டையானவன் முதுகை வளைத்தான்.

இப்படிப் பழகியவர்களிலிருந்து வந்த ஆட்டக்காரர்களின் வரலாறு சிறியதல்ல. இந்தியன் ஓபன் போட்டி 1964இல் தொடங்கியது. 1965இல் பி. ஜி. சேத்தி வென்றார், அவர் தொழில்முறை சாராதவர். அதன்பின் இருபத்தாறு ஆண்டுகள் இந்தியர் யாரும் வெல்லவில்லை. 1991இல் வென்றவர் அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். 1993இல் மறுபடியும் வென்றார். 2009இல் அதே பட்டத்தைக் கொரிய வீரர் ஒருவரோடு கூடுதல் குழி ஆடி வென்றவர் சின்னசாமி முனியப்பா. பெங்களூரில் கேடியாகத் தொடங்கியவர். இலங்கையிலிருந்து இந்தியத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் தங்கராஜா, பிரபாகரன் ஆகிய பெயர்களைப் பார்க்கும்போது, ஆட்டம் துரைமார் கையைவிட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது விளங்கும்.

நெட்டையரின் கணக்கு

உயரமே கோல்ஃபுக்குத் தடை என்பதற்குச் சான்று இல்லை. 1969இல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற ஜார்ஜ் ஆர்ச்சர் ஆறடி ஐந்து அங்குலத்தைத் தாண்டியவர். நிக் ஃபால்டோ, எர்னி எல்ஸ் இருவரும் ஆறடி மூன்று. 1991இல் அதே மாஸ்டர்ஸை வென்ற இயன் வூஸ்னம் ஐந்தடி நான்கு அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டியவர். இவர்களுக்கெல்லாம் மட்டை அளவெடுத்துச் செய்யப்பட்டது என்பதுதான் பழைய செட் வாங்குபவருக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம்.

குட்டை மட்டையை நெட்டையர் எடுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். இடுப்பை அதிகம் வளைத்துப் பந்தை எட்டலாம். நூறு பந்து அடிப்பதற்குள் முதுகு சொல்லிவிடும். பொழுதுபோக்காக ஆடுபவர்களிடம் அதிகம் காணப்படும் உபாதைகளில் முதுகுவலி முன்னிற்பது. இல்லாவிட்டால் நிமிர்ந்தே நின்று கையை உயர்த்திப் பிடிக்கலாம். அப்போது மட்டைத் தலையின் குதிகால் தூக்கி, மூக்கு தரையில் குத்தும். முகம் வலப்பக்கம் திரும்பி, வலக்கை ஆட்டக்காரரின் பந்து வலப்புறம் போகும். சாய்வு ஒரு டிகிரி பிசகினால் நடுத்தர இரும்பு மட்டையில் பந்து ஏறத்தாழ நான்கு கெஜம் விலகும் என்பது மட்டை செய்பவர்கள் சொல்லும் கணக்கு. ஆடுபவரோ தம் வீச்சில் பிழை என்று எண்ணி வீச்சை மாற்றுவார். பொருந்தாத செட்டால் வரும் உண்மையான நட்டம் இது: சரியாக இருந்ததையும் கெடுத்துக்கொள்வது.

ஆனால் உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாற்றம்தான். ஆறடி இரண்டு அங்குலம் உள்ளவருக்குக் கை முழங்காலைத் தொடும் நீளமிருந்தால் பொது அளவே போதும். சரியான அளவு மணிக்கட்டிலிருந்து தரை வரை. காலணியோடு நேராக நின்று, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரைக்கு இன்னொருவர் அளக்க வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் அட்டவணை மாறும். பொதுவாக 34 முதல் 36 அங்குலம் வரை இருந்தால் பொது அளவு. 38ஐத் தாண்டினால் அரை அங்குலமாவது கூடுதல் நீளமும் நிமிர்ந்த சாய்வும் தேவை.

பழைய செட்டைச் சோதிக்கும் முறை

முதலில் நீளம். முன்பிருந்தவர் குட்டையானவராக இருந்தால் தண்டை அறுத்திருப்பார். இந்தியாவில் இது அடிக்கடி நடப்பது. மேலே புதுப் பிடி மாட்டியபின் கண்ணுக்குத் தெரியாது. மட்டையை ஆடும் நிலையில் தரையில் வைத்து, குதிகாலிலிருந்து பிடியின் நுனி வரை தண்டின் பின்புறமாக அளந்தால் குட்டு வெளிப்படும். அறுத்த செட் நெட்டையருக்கு எந்த விலைக்கும் லாபமில்லை.

அடுத்து சாய்வு. இதற்குக் கருவி தேவையில்லை. பந்தின் பின்பக்கம் மார்க்கர் பேனாவால் செங்குத்தாக ஒரு கோடு இட்டு, அந்தக் கோடு மட்டை முகத்தைப் பார்க்கும்படி வைத்து அடித்தால், மை முகத்தில் பதியும். பதிந்த கோடு செங்குத்தாக இருந்தால் சாய்வு சரி. சாய்ந்திருந்தால் மட்டை இன்னும் நிமிர வேண்டுமா படுக்க வேண்டுமா என்று தெரிந்துவிடும்.

சாய்வு தவறினால் செட்டைக் கைவிட வேண்டியதில்லை, உலோகம் இடம் கொடுத்தால். அடித்துச் செய்த மென் இரும்புத் தலையைப் பட்டறையில் இரண்டு மூன்று டிகிரி வளைக்கலாம். வார்த்துச் செய்த கடின எஃகுத் தலை அவ்வளவு வளையாது. வற்புறுத்தினால் கழுத்தில் விரியும். நீளம் குறைந்தால், பிடியைக் கழற்றித் தண்டின் மேல்முனையில் ஒரு துண்டைச் செருகி ஒட்டி நீட்டலாம். ஓர் அங்குலம்வரை இது செல்லும். அதற்கு மேல் போனால் தலை கனத்துத் தோன்றும், தண்டும் துவளும். அரை அங்குலம் நீட்டினாலே வீசும்போது கனத்தில் வித்தியாசம் தெரியும்.

மற்றவை எல்லாப் பழைய மட்டைக்கும் பொதுவானவை. கடற்கரைக் காற்றில் இருந்த எஃகுத் தண்டில் துரு. கிராஃபைட் தண்டில் மயிரிழை விரிசல். தலையை ஆட்டினால் உள்ளே கடகட ஓசை. பேர்பெற்ற நிறுவனங்களின் பெயரில் வரும் போலிகள். முகத்திலுள்ள கோடுகளைப் பற்றி 2010இல் விதி மாறியது. அதற்கு முந்திய கூர்மையான கோடுள்ள மட்டைகள் உயர்மட்டப் போட்டிகளுக்கு ஆகா. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு யாரும் கேட்கப் போவதில்லை. நெட்டையர் நீளத்தில் ஆசைப்பட்டு வரம்பு மீறவும் முடியாது. பட்டர் தவிர மற்ற மட்டைகள் 48 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 2022 முதல் தொழில்முறைப் போட்டிகள் விரும்பினால் 46 அங்குலமாகவும் குறைத்துக்கொள்ளலாம்.

இந்தியச் சந்தையில் நெட்டையருக்கு ஒரு வாய்ப்பு மட்டும் உண்டு. அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்புபவர்களின் பெட்டியில், அங்கே யாரோ ஆறடி மனிதருக்காக அரை அங்குலம் நீட்டிச் செய்த செட் சில சமயம் வந்து சேரும். ஐந்தரை அடி ஆள் அதை வாங்கி ஆட முடியாமல் கொஞ்ச நாளில் விற்றுவிடுவார். விளம்பரத்தில் நீளம் குறிப்பிட்டிருக்காது. தலையில் ஒரு பச்சைப் புள்ளியோ வெள்ளைப் புள்ளியோ இருக்கும். விற்பவர் அதைப் பெயின்ட் தெறித்தது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.